அதிசக்தி லேசர், வடிவமைத்த ஒளி, மாடலிங் பிஎச்.டி: சேலத்திலிருந்து விண்ணப்பிக்கலாமா?

அடிவாரம்26
திங்கள், இரவு 10.12

வணக்கம். சேலத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி இயற்பியல் முடித்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது இரும்பாலை ரோட்டில் ஒரு லேசர் கட்டிங் ஷாப்பில் நெஸ்டிங் போடும் வேலை. ஒரு எஸ்.எஸ். ஷீட்டில் எத்தனை பீஸை நெருக்கி அடுக்கலாம் என்று கணினியில் போட்டுப் பார்த்து மெஷினுக்கு அனுப்ப வேண்டும். சம்பளம் பதினெட்டாயிரம். வீடு ஏற்காடு அடிவாரத்தில்.

போன வாரம் கூடப் படித்த தோழி ஒரு அறிவிப்பை அனுப்பினாள். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம். தலைப்பு: அதிசக்தி வடிவமைத்த லேசர் ஒளியின் கணினி மாடலிங். நான்கு வருடம், மாதச் சம்பளத்தோடு. கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

படித்ததும் ஆசை வந்தது, கூடவே பயமும் வந்தது. வடிவமைத்த ஒளி என்றால் வளையம் மாதிரி ஒரு கற்றை என்கிற அளவுக்குத்தான் தெரியும். பைத்தான் ஓரளவு வரும். லேப் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள நியூட்டன் வளையமும், கிரேட்டிங் வைத்து ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் கண்டுபிடித்ததும்தான். மாடலிங் மட்டும் செய்து வாங்கும் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? கட்டிங் ஷாப் வேலையை விண்ணப்பத்தில் எழுதலாமா, மறைத்துவிடலாமா? அம்மாவின் கேள்வியையும் சேர்த்துவிடுகிறேன்: லேசர் என்றால் கண்ணு போயிடுமாமே?

---

பாதியில்விட்டவன்
திங்கள், இரவு 11.05

மாடலிங் என்று போட்டிருந்தாலே நான் இரண்டு தடவை யோசிப்பேன். மூன்றரை வருடம் அதே வேலையைச் செய்துவிட்டு வெளியே வந்தவன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய ஒரு சாஃப்ட்வேர் இருந்தது, எண்ணைப் போட்டு ஓடவிட்டால் கலர் கலராகப் படம் வரும். கைடு பார்ப்பார். "சிவப்பு இன்னும் கொஞ்சம் நடுவில் வரட்டும்" என்பார். நானும் எண்களை மாற்றி வரவைத்துக் கொடுப்பேன். அந்தப் படத்தை நிஜமான ஒரு லேசரோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் கிடையாது, ஒரு கேமரா கிடையாது. மூன்றாவது வருடம் ஒரு கருத்தரங்கில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து "இதை யார் அளந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னிடம் பதில் இல்லை.

போகாதே என்று சொல்லவில்லை. நான் கணக்குப் போட்டுச் சொல்லப்போவதை அளந்து பார்ப்பது யார், எந்த அறையில்? இதை மட்டும் கேட்டுவிட்டுப் போ. மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பார்.

---

ஓமலூரான்
செவ்வாய், காலை 5.30

சொந்த ஊர் ஓமலூர். ஜெர்மனியில் ஃபைபர் லேசரில் ஆறு வருடமாக வேலை. மேலே அண்ணன் சொன்ன கேள்வியை மாற்றாமல் அப்படியே கேளுங்கள். நான் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சாதாரண லேசர் கற்றையைச் சுவரில் அடித்தால் பொட்டு மாதிரி விழும். நடுவில் வெளிச்சம் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். இப்போது அதன் அலைமுகத்தை முறுக்கிவிடுகிறோம் என்று வையுங்கள். கற்றையின் அச்சைச் சுற்றி ஒரு முறை வந்தால் ஒரு முழு அலைநீளம் மேலே ஏறியிருப்போம், ஏற்காடு மலைப்பாதை மாதிரி. அப்படியானால் அச்சிலேயே இருக்கும் புள்ளிக்கு எந்த அலைக்கட்டத்தை, அதாவது அலை ஏறி இறங்குவதில் எந்த நிலையை, கொடுப்பது? எல்லா அலைக்கட்டமும் அங்கே வந்து முட்டுகிறது, ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது. நடுவில் இருட்டு, சுற்றிலும் வெளிச்ச வளையம். இப்படி முறுக்கிய கற்றையில் ஒவ்வொரு ஃபோட்டானும் சுற்றுப்பாதைக் கோண உந்தத்தைச் சுமக்கிறது என்று 1992இல் நெதர்லாந்தின் லைடனில் ஆலனும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். எத்தனை முறுக்கோ, ஒரு ஃபோட்டானுக்கு அத்தனை மடங்கு குறைத்த பிளாங்க் மாறிலி. துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. வளையம் ஒரு வகை. தட்டையான மேசைபோன்ற கற்றை, பல பொட்டுகளாகப் பிரிந்த கற்றை, இடத்துக்கு இடம் முனைவாக்கம் (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) மாறும் கற்றை என்று குடும்பம் பெரியது.

இனி "அதிசக்தி". அறிவிப்பில் இந்தச் சொல் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, சராசரித் திறனா, உச்சத் திறனா என்று. இரண்டுக்கும் இயற்பியலே வேறு.

உங்கள் ஷாப் மெஷின் 3 கிலோவாட் இருக்குமா? அது விடாமல் எரியும் ஒளி. அங்கே வில்லன் வெப்பம். மாறாக ஒரு மில்லிஜூலை 100 ஃபெம்டோசெகண்டுக்குள் அடைத்தால் உச்சத் திறன் 10 ஜிகாவாட். மொத்த ஆற்றல் மிகக் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கணத்தில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே ஒளிச்செறிவோடு சேர்ந்து ஏறும். கெர் விளைவு. கற்றை தனக்குத் தானே லென்ஸ் செய்துகொண்டு குவிந்துவிடும். குவார்ட்ஸ் கண்ணாடியில் 1 மைக்ரான் அலைநீளத்துக்கு அந்த எல்லை சுமார் 4 மெகாவாட். உங்கள் 3 கிலோவாட் அதற்கு ஆயிரம் மடங்குக்கும் கீழே, 10 ஜிகாவாட் அதற்கு இரண்டாயிரம் மடங்குக்கும் மேலே. முதல் வகை என்றால் நான்கு வருடமும் வெப்பக் கடத்தல் சமன்பாட்டோடு வாழ்வீர்கள். இரண்டாவது என்றால் நேர்கோட்டில் அடங்காத ஷ்ரோடிங்கர் சமன்பாட்டோடு.

அடுத்த கேள்வி, வடிவம் கொடுப்பது ஒளியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலா, பின்னாலா? லேபில் வழக்கமாக ஒரு திரவப் படிகத் திரையில் வடிவத்தை எழுதி, ஒளியை அதில் பட்டுத் திரும்ப வைப்பார்கள். கிலோவாட் கணக்கில் வந்தால் அந்தத் திரை தாங்காது. சரி, முன்னாலேயே வடிவம் கொடுத்துவிட்டுப் பிறகு பெருக்கலாம் என்றால் ஆம்ப்ளிஃபயர் அந்த வடிவத்தைக் குலைத்துவிடும். எவ்வளவு குலைக்கும், அதை எதிர்பார்த்து முன்கூட்டியே எப்படி மாற்றி அனுப்புவது? மாடலிங் ஆளைச் சம்பளம் கொடுத்து வைப்பது பெரும்பாலும் இதற்குத்தான்.

அம்மாவுக்கு: 1 மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போய்ச் சுடும், பயம் நியாயம்தான். கீபோர்டு தட்டுகிறவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. லேபுக்குள் போனால் கண்ணாடி போடாமல் உள்ளே விடமாட்டார்கள்.

---

பனிமூட்டம்
செவ்வாய், காலை 7.48

ஏற்காட்டில் இருபது வளைவும் கொண்டை ஊசி. ஒன்றும் சுற்றி வராது, போன பக்கமே திரும்பி வரும். உவமை தப்பு ஓமலூரான். சுழல் படிக்கட்டு என்று சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம். பெஸ்ஸல் கற்றை என்று ஒன்று தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று படித்தேன். டிசம்பரில் ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சேலம் பக்கம் டார்ச் அடித்தால் பனிதான் வெளிச்சமாகத் தெரிகிறது, ஊர் தெரிவதில்லை. பெஸ்ஸல் கற்றையை அடித்தால் பனியைத் துளைத்துப் போகுமா?

---

ஓமலூரான்
செவ்வாய், காலை 8.15

உவமை வாபஸ்.

பனிக்கு: போகாது. 1987இல் டர்னின் காட்டிய கற்றை அது. கூம்பு வடிவ லென்ஸ் வைத்தாலே கிட்டத்தட்ட வந்துவிடும். நடுப் பொட்டை ஒரு சிறு தடை மறைத்தால், சுற்றி இருக்கும் வளையங்களிலிருந்து ஒளி உள்ளே சாய்ந்து வந்து பொட்டை மறுபடி கட்டும். ஓரத்தில் போட்டு வைத்த சேமிப்பை எடுத்துச் செலவு செய்வதுதான். பனி என்பது ஒரு தடை இல்லை, கோடிக்கணக்கான துளி. அத்தனைக்கும் ஈடுகொடுக்க அந்தச் சேமிப்பு போதாது. இப்படி வாக்குறுதி கொடுக்கிற யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இண்டர்வியூவில் பேசிவிடாதீர்கள்.

---

கொலுசுப்பட்டறை
செவ்வாய், மதியம் 2.20

தம்பி, நான் படித்தது பத்தாவது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை, அப்பா காலத்திலிருந்து. இங்கே எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுவதால் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். லேசர் என்றதும் எழுதத் தோன்றியது.

முன்பெல்லாம் பொடி வைத்து ஊதித்தான் பற்றவைப்போம். இரண்டு வருடம் முன்னால் ஒரு லேசர் வெல்டிங் மெஷின் வாங்கினோம். பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, மேலே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, காலால் பெடலை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு புள்ளி பற்றும். தங்கத்தில் வேலை வெண்ணெய் மாதிரி. வெள்ளியில் அழ வைத்துவிட்டது. முதல் அடி ஒன்றும் ஆகாது, வெள்ளி கண்ணாடி மாதிரி திருப்பி விட்டுவிடும். கொஞ்சம் கூட்டினால் ஒரேயடியாக ஓட்டை விழும். நடுவில் அளவே கிடையாது. எங்கள் பையன் ஒருத்தன் மார்க்கர் பேனாவால் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டு அடித்தான், பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து மெஷின் பக்கத்தில் எப்போதும் ஒரு மார்க்கர் கிடக்கும்.

அந்த வளைய ஒளி வந்தால் ஓட்டை விழாமல் இருக்குமா? பொடி வைத்துக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

---

அடிவாரம்26
செவ்வாய், இரவு 9.30

தம்பி இல்லைங்க அண்ணா, தங்கச்சி.

நீங்கள் சொன்னதும் எங்கள் ஷாப் ஞாபகம் வந்தது. மெஷின் 3 கிலோவாட்தான், ஓமலூரான் அண்ணா சரியாகச் சொன்னீர்கள். காலையில் 4 மில்லிமீட்டர் எஸ்.எஸ். வெட்டினால் விளிம்பு கத்தி மாதிரி வரும். பதினொரு மணிக்கு மேல் அதே செட்டிங்கில் அடியில் பர் (உருகி ஒட்டிய பிசிறு) தொங்க ஆரம்பிக்கும். ஆப்பரேட்டர் அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டு "கிளாஸ் சூடாயிடுச்சு" என்று ஃபோகஸை அரை மில்லிமீட்டர் கீழே இறக்குவார், சரியாகிவிடும். சாயங்காலம் லென்ஸுக்குக் கீழே இருக்கும் அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். கடுகில் பாதி அளவுக்கு ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் புகை படிந்த மாதிரி ஒரு வட்டம். புதுக் கண்ணாடி போட்டால் மறுநாள் மதியம் வரைக்கும் பிரச்சினை இல்லை. முதலாளி கண்ணாடிக்குக் காசு கொடுக்க யோசிப்பார், அதனால் இந்த இறக்கும் வித்தையே ஓடிக்கொண்டிருக்கிறது. இது சும்மா அழுக்குதானே, இதிலும் ஏதாவது இயற்பியல் இருக்கிறதா?

---

ஓமலூரான்
செவ்வாய், இரவு 11.50

இருக்கிறதாவா! நீங்கள் விண்ணப்பிக்கிற தலைப்பில் பாதி அந்தக் கண்ணாடியில் இருக்கிறது.

புள்ளி ஒளியை உறிஞ்சுகிறது, சூடாகிறது. கண்ணாடியின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சூடு. குவார்ட்ஸில் சூடு ஏறினால் ஒளிவிலகல் எண்ணும் ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. பார்க்க ஒன்றுமில்லாத எண். ஆனால் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு என்றால் அது குவிலென்ஸ். தட்டைக் கண்ணாடி லென்ஸாகிவிட்டது. குவியம் மேலே ஏறுகிறது. அதைத்தான் உங்கள் ஆப்பரேட்டர் அரை மில்லிமீட்டர் இறக்கி ஈடுகட்டுகிறார். வெப்ப லென்ஸ் என்று பெயர். அவர் கையால் செய்கிற திருத்தத்தைச் சமன்பாட்டால் முன்கூட்டிச் சொல்வதுதான் மாடலிங். இதை விண்ணப்பக் கடிதத்தில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மறைக்கவாவது!

கொலுசு அண்ணனுக்கு: நீங்கள் மார்க்கரில் செய்தது உறிஞ்சலைக் கூட்டும் வேலை. வெள்ளியும் செம்பும் 1 மைக்ரான் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். உருக ஆரம்பித்ததும் திடீரென்று அதிகமாக உறிஞ்சும். அதனால்தான் முதலில் ஒன்றுமில்லை, பிறகு ஓட்டை. மின்கார் பேட்டரிக்குச் செம்பு பற்றவைக்கிற இடங்களில் நடுவில் ஒரு பொட்டும் சுற்றி ஒரு வளையமுமாகக் கற்றை வைத்து அடிக்கிறார்கள். வளையம் சுற்றுப்புறத்தை முன்பே இளக்கிவிடுவதால் உருகுகுளம் அலைபாயாது, தெறிப்பு குறையும். கொலுசு மாதிரி நுண்வேலைக்கு அந்த மெஷின் எல்லாம் யானை விலை. மார்க்கரே போதும்.

---

ரிட்டயர்டுவாத்தியார்
புதன், காலை 6.10

முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தினேன். இன்னும் காலையில் எழுந்தால் கை சாக்பீஸைத் தேடுகிறது.

அம்மா, மாடலிங் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டாய். மதிப்பு எதில் வரும் என்பதற்கு ஒரு பழைய கதை. டோனா ஸ்டிரிக்லண்ட் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, 1985இல், அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஜெரார் மூருவோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். துடிப்பை அப்படியே பெருக்கினால் ஆம்ப்ளிஃபயர் உடையும். அதனால் முதலில் நேரத்தில் இழுத்து நீட்டு, பிறகு பெருக்கு, கடைசியில் மறுபடி சுருக்கு. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். 2018இல் இருவருக்கும் நோபல். ஓமலூர்த் தம்பி சொல்லும் அந்த 10 ஜிகாவாட் எல்லாம் இந்த வழியில் வந்ததுதான்.

நம் ராமனையும் சொல்லாமல் விட முடியாது. 1928இல் அவர் கண்ட சிதறலுக்கு நாம் ஆண்டுதோறும் பிப்ரவரி 28இல் விழா எடுக்கிறோம். அதிசக்தி ஃபைபர்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கு ராமன் என்றாலே தலைவலி. திறன் ஒரு எல்லை தாண்டினால் 1064 நானோமீட்டரில் போகும் ஒளி தூண்டப்பட்ட ராமன் சிதறலால் 1116 பக்கம் ஒழுகிவிடும். பெருமையும் அவரே, இடைஞ்சலும் அவரே.

பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் சொல். நீ என் மாணவியா என்று தெரியாது. என் மாணவியாக இல்லாவிட்டால் உன் வாத்தியாரிடம் போ, தெரியாதவர் எழுதும் கடிதம் வெறும் காகிதம்.

---

நள்ளிரவுலேப்
புதன், இரவு 12.40

வட இந்தியாவில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் லேசரில் நான்காம் வருடம். சொந்த ஊர் ஆத்தூர். பணம், தேர்வு, நடைமுறை பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

இந்தியாவையும் தள்ளிவிடாதே தங்கச்சி. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. இரண்டு வருடம் கழித்து 42,000. இந்தூரில் ராஜா ராமண்ணா மையம், அகமதாபாத்தில் பிஆர்எல் (இயற்பியல் ஆய்வுக்கூடம்), சென்னையில் ஐஐடி, இங்கெல்லாம் ஒளியியலில் நல்ல வேலை நடக்கிறது. ஐரோப்பிய அறிவிப்பு மேரி கியூரி நெட்வொர்க்காக (ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கும் ஆய்வுத் திட்டம்) இருந்தால் ஒரு விதி உண்டு: சேருவதற்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. அடிவாரத்தை விட்டு நகராத உனக்கு அது பிரச்சினையே இல்லை. ஜெர்மனி என்றால் முழுப் பதவியா, முக்கால் பதவியா என்று பார். வேலை என்னவோ முழுசாகத்தான் இருக்கும்.

இண்டர்வியூவில் நீ எழுதிய புரோகிராமைக் காட்டச் சொல்வார்கள். சின்னதாக ஒன்றாவது நீயே எழுதி வை. வளையக் கற்றையைக் கெர் ஊடகத்தில் ஓடவிடு. அதைத் தாண்டி வந்தவர்களிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

---

பாதியில்விட்டவன்
வியாழன், காலை 9.02

நல்ல யோசனை. எழுதி முடித்ததும் ஆற்றல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள். மாறாவிட்டால் புரோகிராம் சரி.

---

அடிவாரம்26
ஞாயிறு, இரவு 8.55

எழுதிவிட்டேன்! மூன்று நாள் இரவு. முறை இதுதான்: ஒரு சிறு தூரத்துக்கு விளிம்பு விலகலை (ஒளி பரவி விரிவதை) ஃபூரியர் பக்கம், அதாவது கற்றையை அலைகளாகப் பிரித்த பக்கம், போய்ப் போட்டுவிட்டு, திரும்பி வந்து கெர் விளைவை ஒரு அலைக்கட்டமாகப் பெருக்கி, மறுபடி ஃபூரியர் பக்கம். பிளவுப்படி முறை என்று சொல்கிறார்கள். 512க்கு 512 கட்டங்கள்.

முதல் இரவு வளையம் விரிந்துகொண்டே போய், ஓரத்தில் மோதி, எதிர்ப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்துவிட்டது. திரை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி கட்டம் கட்டமாக வந்தது. ஃபூரியர் மாற்றுக்கு எல்லை கிடையாது, வலது ஓரமும் இடது ஓரமும் ஒட்டித்தான் இருக்கின்றன என்று அப்புறம்தான் புரிந்தது. ஓரத்தில் மெதுவாக உறிஞ்சும் ஒரு பட்டை வைத்தேன், நின்றுவிட்டது.

இப்போது கெர் விளைவைக் கூட்டினால் வளையம் உடைந்து சரியாக நான்கு பொட்டுகளாகிறது. ஒவ்வொரு தடவையும் நான்கு. அவ்வளவு அழகான சமச்சீர். அந்த ஓரப் பட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஆற்றல் பதினோராவது தசமம் வரை மாறவில்லை. சரிதானே?

---

ஓமலூரான்
ஞாயிறு, இரவு 9.40

தப்பு. ஆனால் நல்ல தப்பு, எல்லோரும் ஒருமுறை விழும் குழி.

முதலில் ஆற்றல். விட்டவன் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிளவுப்படி முறையில் இரண்டு படியும் வெறும் அலைக்கட்டப் பெருக்கல்தான். அலைக்கட்டத்தால் பெருக்கினால் அளவு மாறாது. நீங்கள் சமன்பாட்டில் குறியை மாற்றிப் போட்டிருந்தாலும், படியைப் பத்து மடங்கு நீளமாக வைத்திருந்தாலும் ஆற்றல் பதினோராவது தசமம் வரை மாறாமல்தான் இருக்கும். அது புரோகிராம் சரி என்பதற்குச் சாட்சி சொல்லாது. படியைப் பாதியாக்கி ஓட்டுங்கள், கட்டத்தை இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள், விடை நகர்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து அந்த நான்கு. வளையம் உடைவது நிஜம். கெர் ஊடகத்தில் வளையத்தின் சுற்றில் எங்காவது கொஞ்சம் வெளிச்சம் கூடினால் அந்த இடம் இன்னும் குவியும், பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்ளும், முத்து முத்தாகப் பிரியும். எத்தனை முத்து என்பது திறனையும் முறுக்கையும் பொறுத்தது. ஆனால் உங்கள் வளையத்தில் முதல் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது? நீங்கள் போட்டது கச்சிதமான வட்டம். அதில் குறையே கிடையாது. குறையை உள்ளே கொண்டுவந்தது உங்கள் சதுரக் கட்டம். சதுரத்துக்கு நான்கு பக்கம். பொட்டுகள் நான்கும் சரியாக அச்சுகளின் மேலோ மூலைவிட்டங்களின் மேலோ நிற்கின்றனவா என்று பாருங்கள்.

---

அடிவாரம்26
ஞாயிறு, இரவு 9.58

மூலைவிட்டத்தில் நிற்கின்றன. நான்கும்.

---

நள்ளிரவுலேப்
ஞாயிறு, இரவு 10.20

ஹஹா. என் முதல் வருட அறிக்கையில் நான் இதையே "சுவாரசியமான நான்மடிச் சமச்சீர்" என்று எழுதி வைத்திருந்தேன்.

தொடக்கக் கற்றையில் மிகச் சிறிய தற்செயல் இரைச்சல் சேர்த்துவிடு. வேறு வேறு விதை எண்ணோடு (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) இருபது தடவை ஓட்டு. உண்மையான லேசரிலும் இரைச்சல் இருக்கும், அதனால் இது ஏமாற்று இல்லை. இன்னொன்று, நடுவில் ஒரு பிக்சலில் மட்டும் செறிவு மளமளவென்று ஏறினால் அத்தோடு நிறுத்திவிடு. அதற்கு அப்புறம் வருவது கட்டத்தின் கற்பனை.

---

பனிமூட்டம்
ஞாயிறு, இரவு 10.31

எதற்கு இத்தனை பாடு? வட்டம்தானே, ஆரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஆயிரம் புள்ளியில் முடிந்துவிடுமே.

---

ஓமலூரான்
ஞாயிறு, இரவு 10.50

முடிந்துவிடும். வளையமும் உடையவே உடையாது. உடைவதற்கு இடமே கொடுக்காமல் கணக்கு எழுதிவிட்டு "உடையவில்லை பாருங்கள்" என்று கட்டுரை போட்டவர்கள் உண்டு. ஆசை புரிகிறது, நினைவகம்தான் காரணம். துடிப்பின் நேரத்தையும் சேர்த்து மூன்று பக்கமும் 1024 புள்ளி வைத்தால் ஒரே ஒரு மின்புலத்தைச் சேமிக்கவே 16 ஜிகாபைட் வேண்டும், கணக்குப் போட இடம் தனி. இரண்டு பக்கம் மட்டும் என்றால் 16 மெகாபைட்தான். தங்கச்சியின் லேப்டாப்புக்கு இப்போதைக்கு அது போதும்.

---

அடிவாரம்26
வியாழன், இரவு 11.35

இருபது விதையும் ஓட்டி முடித்தேன். நான்கு என்பது இப்போது சிறுபான்மை. பெரும்பாலும் மூன்று, சிலதில் இரண்டு, ஒன்றில் இரண்டு பெரிய முத்தும் ஒரு குட்டியும். திசை எங்கும் சிதறிக் கிடக்கிறது. படியைப் பாதியாக்கினேன், கட்டத்தை 1024 ஆக்கினேன், அதே விதைக்கு அதே விடை வருகிறது. கட்டத்தை மாற்றும்போது இரைச்சலையும் அதே இடத்தில் அதே மாதிரி வைக்க வேண்டும் என்பது மூன்றாவது தடவை தப்பான பிறகுதான் உறைத்தது.

அந்தப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன். யார் அளப்பது, சராசரியா உச்சமா, முன்னாலா பின்னாலா, மூன்றும் கேட்டேன். இரண்டே நாளில் பதில். உச்சத் திறன். வடிவம் கொடுப்பது ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால். அளப்பது பக்கத்து அறையில் ஒரு பிஎச்.டி மாணவர், வாரம் ஒருமுறை கூட்டம். கடைசி வரியில், உங்கள் கட்டிங் மெஷின் கண்ணாடியைப் பற்றி இன்னும் எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறார். முதலாளியிடம் சொல்லாமல் பழைய கண்ணாடி நான்கை எடுத்துப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

---

பாதியில்விட்டவன்
வியாழன், இரவு 11.52

ஆற்றல் விஷயத்தில் நான் சொன்னது தப்புத்தான். மூன்றரை வருடம் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையா? போட்டுவிடு.

---

ரிட்டயர்டுவாத்தியார்
வெள்ளி, காலை 5.45

கற்றையின் அகலத்தை எப்படி அளந்தாய் என்று எழுதவில்லையே. இரண்டாம் திருப்புத்திறன் (மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தைச் செறிவால் எடைபோட்டுச் சராசரி எடுப்பது) என்றால் ஓரத்து இரைச்சல் அகலத்தை ஊதிக் காட்டும், கவனி. பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்டிருக்கிறாய்?

---

அடிவாரம்26
வெள்ளி, காலை 7.05

ஐயோ, இரண்டாம் திருப்புத்திறன்தான். இன்று ராத்திரி பார்க்கிறேன் சார்.

கடிதத்துக்கு எங்கள் துறைத்தலைவரிடம் போயிருந்தேன். "லேசர் கட்டிங்கா, அதையா எழுதச் சொல்கிறாய்" என்று சிரித்தார். கண்ணாடிப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வா என்றிருக்கிறார்.

---

கொலுசுப்பட்டறை
வெள்ளி, காலை 9.15

தங்கச்சி, எங்கள் மெஷினிலும் அந்த மாதிரி ஒரு கண்ணாடி இருக்கிறது. மாற்றிப் பல மாதம் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, பையனிடம் சாவி இருக்கும். வந்தால் கழற்றிப் பார்க்கலாம்.